தாத்தாவின் கைநாற்காலி: ஸ்பிரிங்கும் நாரும் வைத்தே திரும்பக் கட்டுவதா, ஃபோம் போட்டு முடிப்பதா?

தொய்ந்தநாற்காலி:

வணக்கம். வீட்டில் தாத்தா உட்கார்ந்திருந்த கைநாற்காலி ஒன்று இருக்கிறது. இருபுறமும் உருண்ட கை, உயரமான முதுகு, கடைசல் கால்கள். எத்தனை வயது என்று சரியாகத் தெரியாது, அப்பா சிறுவனாக இருந்தபோதே வீட்டில் இருந்ததாம். இப்போது உட்கார்ந்தால் வலதுபக்கம் உள்ளே இறங்குகிறது. எழுந்திருக்கும்போது அடியில் கம்பியோடு கம்பி மோதுகிற சத்தம். தினமும் பெருக்கும்போது அதன் கீழே மட்டும் பழுப்பு நிறத் தூள் கிடக்கிறது.

இரண்டு பேரிடம் காட்டினேன். ஒருவர், உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டுப் பலகை அடித்து மேலே ஃபோம் ஒட்டி இரண்டு நாளில் தருகிறேன் என்றார். இன்னொருவர், இதில் ஃபோம் வைப்பதே பாவம், முழுக்கக் கையால்தான் செய்ய வேண்டும், ஒரு மாதம் ஆகும் என்றார். இரண்டு பேருமே நாற்காலியைக் கவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

எனக்குத் தையல் வரும், சுத்தியல் பிடிக்கத் தெரியும். நேரம் இருக்கிறது. நானே இறங்கலாம் என்று நினைக்கிறேன். எந்த முறை சரி?

கோணூசி:

உறுத்தியது சரியாகத்தான் உறுத்தியிருக்கிறது. கவிழ்த்துப் பார்க்காமல் முறை சொல்லக் கூடாது. இருபது வருடத்துக்கு மேல் குஷன் வேலை செய்கிறேன், இன்றைக்கும் அடித்துணியைப் பிரிக்காமல் நான் வாய் திறப்பதில்லை.

முதலில் அந்தத் தூளை விரலால் தேய்த்துப் பாருங்கள். நார்நாராக, சொரசொரப்பாக இருந்தால் சணலோ தென்னைநாரோ இற்று உதிர்கிறது, கவலை இல்லை. மாவு மாதிரி நைசாக இருந்து, கட்டையில் குண்டூசித் துளைகளும் தெரிந்தால் மரம் உளுத்திருக்கிறது. அப்படியானால் குஷன் பேச்சே அப்புறம், மரத்துக்கு மருந்துதான் முதலில்.

பிரிக்கும் வரிசை, போட்ட வரிசைக்கு நேர் எதிர். அடித்துணி, வெளிமுதுகு, வெளிக்கை, பிறகு உள்முதுகு, உள்கை, கடைசியாக இருக்கை. ஒவ்வொரு அடுக்கையும் எடுக்கும் முன் படம் பிடியுங்கள். பழைய உறையைக் கிழித்து எறியாதீர்கள், புதுத் துணி வெட்ட அதுதான் அளவு. ஆணியைக் கழற்றும்போது உளியை மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தட்டுங்கள். குறுக்கே தட்டினால் சட்டத்தில் சிம்பு தெறித்துவிடும். முகக்கவசம் கட்டாயம். பல பத்து வருடத் தூசி உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

பிரித்துவிட்டு என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். பிறகு பேசலாம்.

அடர்த்தி40:

கோணூசி அண்ணா சொன்னதில் மறுப்பு இல்லை. ஆனால் ஃபோம் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் இங்கே நிறையப் பேர், அதனால் என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் ஃபோமில்தான் வேலை செய்கிறேன், அதைத் தாழ்ந்த வேலையாக ஒருநாளும் நினைத்ததில்லை.

ஃபோமைப் பற்றி வரும் புகாரில் பெரும்பாலானவை தவறான ஃபோமைப் பற்றியவை. கடையில் கையால் அமுக்கிப் பார்த்து, கெட்டியாக இருக்கிறது, நல்ல ஃபோம் என்று வாங்கிவிடுகிறார்கள். கெட்டி வேறு, அடர்த்தி வேறு. அடர்த்தி என்பது ஒரு கனமீட்டரில் எத்தனை கிலோ பொருள் இருக்கிறது என்பது. எத்தனை வருடம் தாங்கும் என்பதை அதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கும். கெட்டித்தன்மை, அதை 40 சதவீதம் அமுக்க எத்தனை நியூட்டன் விசை தேவை என்ற கணக்கு. 18 கிலோ ஃபோமையும் கல் மாதிரி கெட்டியாகச் செய்ய முடியும். முதல் நாள் பிரமாதமாக இருக்கும், சீக்கிரமே குழி விழும். இருக்கைக்கு 35 கிலோவுக்குக் குறைந்து நான் போடுவதில்லை. என் பெயரில் அடர்த்தி ஏன் இருக்கிறது என்று புரிந்திருக்கும். முதுகுக்கு 25 போதும், அங்கே எடை விழுவதில்லை.

இன்னொன்று. பாரம்பரியம் என்று நாம் கும்பிடுகிற ஸ்பிரிங்கே ஒரு காலத்தில் புதுமைதான். வியன்னாவில் கியோர்க் யூனிகல் 1822இலும், இங்கிலாந்தில் சாமுவேல் பிராட் 1826இலும் காப்புரிமை வாங்கிய பிறகுதான் ஸ்பிரிங் வைத்த இருக்கை பரவலானது. அதற்கு முன் சட்டத்தில் இழுத்துக் கட்டிய நாடாப் பட்டை, மேலே மயிர் அல்லது நார், அவ்வளவுதான். 1929இல் டன்லப் ஆட்கள் ரப்பர் பாலை நுரைக்க அடித்து ரப்பர் ஃபோம் செய்தார்கள். 1937இல் ஓட்டோ பாயர் பாலியூரித்தேனைக் கண்டுபிடித்தார், 1950களில் அது மெத்தென்ற ஃபோமாகக் கடைக்கு வந்தது. ஒவ்வொன்றும் வந்தபோது முந்தைய கைவேலைக்காரர்கள் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

நூல்கண்டு:

அடர்த்தி40, உங்கள் ஃபோமை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தொய்ந்தநாற்காலிக்கு அந்த முதல் ஆள் சொன்ன வேலையை, பலகை அடித்து ஃபோம் ஒட்டுவதை, நான் செய்து பார்த்து அழுதிருக்கிறேன்.

அம்மாவின் நாற்காலி. பட்டறைக்கு அனுப்பினேன். ஒன்பது ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு, ஒரு ஓட்டைகூடப் போடாத பிளைவுட்டைச் சட்டத்தில் அடித்து, நாலு அங்குல ஃபோமைப் பசை பீய்ச்சி ஒட்டிக் கொடுத்தார்கள். வந்த அன்றே அம்மா சொன்னது, "இது என் நாற்காலி இல்லையே." எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு அளந்து பார்த்தேன். ஸ்பிரிங் இருக்கை நடுவில் மேடாக இருந்தது, பலகையில் போட்ட ஃபோம் தட்டை. உட்கார்ந்ததும் முன்பைவிட இரண்டு அங்குலம் தாழ்ந்து போகிறார். கைகள் அதே உயரத்தில் இருக்கின்றன, ஆகவே தோளைத் தூக்கிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. எழுந்திருக்கக் கையை ஊன்றினால் முழங்கை மடங்கிய கோணமே வேறு. மூட்டுவலிக்காரருக்கு அந்த இரண்டு அங்குலம் பெரிய விஷயம்.

நாலாவது வருடம் உறையைப் பிரித்தேன். ஃபோம் மஞ்சளாகி, தொட்டால் ரஸ்க் மாதிரி பொடிந்தது. சரி, அதையாவது மாற்றலாம். ஆனால் பசை! சட்டத்து மரத்தில் ஒட்டியிருந்த அந்தத் தோலை எடுக்கச் சுரண்டி சுரண்டி மரத்தின் பாலிஷே போய்விட்டது. ஸ்பிரிங்குகளைத் திரும்பக் கேட்டேன், பழைய இரும்பில் போட்டாயிற்று என்றார்கள்.

எனக்கு ஃபோம் மேல் கோபம் இல்லை. திரும்ப எடுக்க முடியாதபடி செய்ததுதான் கோபம்.

அடர்த்தி40:

அக்கா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. காற்றுத் துளை இல்லாத பலகை மேல் ஃபோம் வைத்தால் அமுங்கி எழும்போது காற்று போய்வர வழியில்லை, வியர்வை ஈரமும் உள்ளேயே நிற்கும். அது ஃபோம் வேலை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பசை விஷயத்திலும் உங்கள் பக்கம்தான். ஃபோமோடு ஃபோம் ஒட்டலாம். பழைய மரத்தில் பசையை அடிக்கவே கூடாது.

புதுசோபா:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னுடையது பத்து வருட சோபா. உள்ளே வளைந்து வளைந்து போகிற கம்பி, சட்டம் அழுத்திய மரத்தூள் பலகை மாதிரி தெரிகிறது. இதற்கும் நார், மயிர் என்றெல்லாம் யோசிக்க வேண்டுமா?

கோணூசி:

வேண்டாம். அது வளைவுக் கம்பிக்கும் ஃபோமுக்கும் என்றே பிறந்த சட்டகம். மரத்தூள் பலகை ஆணியைப் பிடிக்காது, சணல் பட்டையை இழுத்துக் கட்டினால் சட்டமே பிளக்கும். கம்பியின் கிளிப்புகளைச் சோதியுங்கள், பெரும்பாலும் அவைதான் கழன்றிருக்கும். கம்பிக்கு மேல் கோணித்துணியும் ஒரு ஃபெல்ட் விரிப்பும் போட்டுவிட்டு நல்ல அடர்த்தி ஃபோம் வையுங்கள். கம்பி மேல் ஃபோமை நேராக வைத்தால் கம்பி அதை அறுத்துவிடும்.

தொய்ந்தநாற்காலி:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் முழுக்கப் பிரித்தேன். கண்டதை அப்படியே எழுதுகிறேன்.

தூள் சொரசொரப்பு. மரத்தில் துளை எதுவும் இல்லை. அடியில் ஏழு சணல் பட்டைகள், வலதுபக்கம் இரண்டு அறுந்து தொங்குகின்றன, மீதியை விரலால் அழுத்தினாலே கிழிகின்றன. ஸ்பிரிங் ஒன்பது, மூன்று மூன்றாக. துரு மேலோட்டமாகத்தான், ஒன்றும் உடையவில்லை, சாய்த்து அமுக்கினால் நேராக எழுகின்றன. அவற்றை ஒன்றோடொன்று கட்டியிருந்த கயிறுகள் பல இடத்தில் அறுந்திருந்தன. மோதின சத்தம் அங்கிருந்துதான்.

மேலே கோணித்துணி. அதன் மேல் தென்னைநார் ஒரு கெட்டிப் பாளம், முன்விளிம்பில் நூலால் தைத்துத் தைத்து விரல் தடிமனுக்கு ஒரு உருளை மாதிரி செய்திருக்கிறார்கள். அதற்கு மேல் கறுப்பும் பழுப்புமாகச் சுருள்சுருளாக ஏதோ. ஒரு இழையைக் கொளுத்திப் பார்த்தேன். சுருண்டு, தலைமுடி கருகும் நாற்றம் வந்தது, நுனியில் கறுப்பு மணி. குதிரைமயிர்தானே?

உள்முதுகும் கைகளும் நன்றாகவே இருக்கின்றன. கையால் தட்டினால் எங்கும் குழியில்லை.

ஒரு சிக்கல். இருக்கையின் வலது சட்டம். இதற்கு முன்பே இரண்டு மூன்று தடவை உறை மாற்றியிருக்கிறார்கள் போல, ஆணித் துளைகள் தேன்கூடு மாதிரி இருக்கின்றன. உளியின் நுனியால் குத்தினால் உதிர்கிறது.

கோணூசி:

மயிரேதான், பெரும்பாலும் குதிரைமயிர். நார் எரிந்தால் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும், சுருளாது. அதை எறிந்துவிடாதீர்கள். முடியைக் கயிறாக முறுக்கி ஆவியில் வேகவைத்துச் சுருளை நிலைநிறுத்தியிருப்பார்கள். உங்கள் ஆயுளுக்கு அப்புறமும் அந்தச் சுருள் நிற்கும். தலையணை உறையில் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு சேர்த்து அலசுங்கள். கொதிநீர் வேண்டாம். நிழலில் நன்றாகக் காய்ந்ததும் கையால் பிரித்துப் பிரித்து விடுங்கள். ஒரு பிடி மயிர் இரண்டு பிடியாக உப்பும்.

முதுகையும் கையையும் தொடாதீர்கள். நன்றாக இருப்பதைப் பிரிப்பது வேலை இல்லை. மேலே புதுப் பஞ்சு விரிப்பு, பிறகு துணி, போதும்.

இருக்கைதான் முழு வேலை. அதை நான் பழைய முறையில் கட்டத்தான் சொல்வேன். பாரம்பரியம் என்பதால் சொல்லவில்லை. ஒன்பது நல்ல ஸ்பிரிங், ஒரு சாக்கு மயிர், அந்த உயரத்துக்கென்றே செய்த கை, எல்லாம் கையில் இருக்கின்றன. பட்டையும் கயிறும் கோணித்துணியும் நூலும்தான் வாங்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றி மூட்டுவேலை அண்ணன் சொல்லட்டும்.

மூட்டுவேலை:

தச்சன் நான், குஷன் ஆள் இல்லை. ஆனால் இந்தத் தேன்கூட்டுச் சட்டத்தை எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

முதலில் நாற்காலியை இரு கையாலும் பிடித்துக் கோணலாக ஆட்டிப் பாருங்கள். மூட்டு ஆடினால் அதை இப்போதே கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, திரும்ப ஒட்டி இறுக்கிவிட வேண்டும். பட்டையை இழுத்துக் கட்டிய பிறகு மூட்டைத் தொட முடியாது. ஆடுகிற சட்டகத்தில் பட்டை நிற்கவும் நிற்காது.

துளைகளுக்கு: நைசான மரத்தூளும் மரப்பசையும் கலந்து கூழாக்கி அழுத்தி நிரப்புங்கள். முழுக்கக் காயட்டும். அதன் மேல் பசை தடவிய மெல்லிய துணிப்பட்டை ஒன்று ஒட்டினால் மரம் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். அப்படியும் உதிர்ந்தால் உள்பக்கமாக ஒரு புது ரீப்பரைத் திருகாணி போட்டுச் சேர்த்துவிடுங்கள். பழைய சட்டத்தை வெட்டி எடுக்காதீர்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்கிறேன், கோணூசி கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த வலது சட்டத்துக்கு ஆணி வேண்டாம், ஸ்டேப்பிள் அடியுங்கள். ஆணியின் உடம்பு ஆப்பு மாதிரி, நைந்த மரத்தை அகற்றிப் பிளக்கும். சுத்தியலின் அதிர்ச்சியும் பழைய மூட்டுக்குப் போகும். ஸ்டேப்பிளின் கால்கள் மெல்லிய கம்பி. அருங்காட்சியகங்களுக்காகப் பழம்பொருள் பழுது பார்க்கிறவர்களே துருப்பிடிக்காத எஃகு ஸ்டேப்பிளைப் பயன்படுத்துவது இதனால்தான்.

கோணூசி:

கோபம் எதற்கு அண்ணே, நானும் அதைத்தான் செய்வேன். நல்ல மூன்று சட்டத்துக்கு ஆணி, நைந்த ஒன்றுக்கு ஸ்டேப்பிள். ஆனால் ஸ்டேப்பிள் துப்பாக்கியின் காற்றழுத்தத்தைக் குறைத்து வையுங்கள். ஸ்டேப்பிளின் முதுகு பட்டையை வெட்டிக்கொண்டு உள்ளே புதைந்தால் பிடிப்பே இல்லை. முதுகு பட்டையோடு சமமாக உட்கார வேண்டும்.

இப்போது வேலை. ஸ்பிரிங் இருக்கைக்குப் பட்டை சட்டத்தின் அடிப்பக்கம் வரும், மேல்பக்கம் இல்லை. நுனியை மடித்து ஐந்து ஆணி, ஒரே வரியில் இல்லாமல் மேலும் கீழுமாக. ஒரே வரியில் அடித்தால் மரம் ரேகையோடு பிளக்கும். எதிர்முனையை இழுகட்டையால் (பட்டையை இறுக்க இழுக்கும் கட்டை) இழுத்து மூன்று ஆணி, பிறகு வெட்டி மடித்து இன்னும் இரண்டு. குறுக்குப் பட்டைகளைப் பாய் முடைவது மாதிரி மேலும் கீழுமாகக் கோத்து விடுங்கள். கடைசியில் விரலால் சுண்டினால் மத்தளம் மாதிரிச் சத்தம் வர வேண்டும்.

ஸ்பிரிங்குகளைப் பட்டையோடு கோணூசியால் தைத்தபின் கட்டு. இங்கேதான் அவசரப்படுகிறவர்கள் கெடுக்கிறார்கள். ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் இரண்டு அங்குலம் அமுக்கி, பின்னிருந்து முன், பக்கத்திலிருந்து பக்கம், பிறகு இரண்டு மூலைவாட்டு, ஆக எட்டுத் திசையில் கட்ட வேண்டும். கம்பியைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும் முடிச்சு. வெறுமனே சுற்றிக்கொண்டு போகக் கூடாது. சுற்று மட்டும் போட்டிருந்தால் ஒரு இடத்தில் அறுந்ததும் முழுக் கயிறும் தளரும். முடிச்சு போட்டிருந்தால் அந்த ஒரு சாண் மட்டும்தான் தளரும், பக்கத்து முடிச்சுகள் பிடித்துக்கொள்ளும். உங்கள் பழைய கயிறு எப்படிக் கட்டியிருந்தது, பார்த்தீர்களா?

தொய்ந்தநாற்காலி:

இப்போதுதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடதுபக்கம் ஒவ்வொரு கம்பியிலும் முடிச்சு இருக்கிறது. வலதுபக்கம் இரண்டு வரிசையில் வெறும் சுற்று! கயிறின் நிறமே வேறு. முன்பு யாரோ பழுது பார்த்தபோது அங்கே மட்டும் புதுக் கயிறு போட்டிருக்கிறார்கள்.

நூல்கண்டு:

அப்படியானால் வலதுபக்கம் இறங்கியதற்கு அறுந்த பட்டையோடு அந்தச் சுற்றும் காரணம்.

ஒன்று கேட்கட்டுமா கோணூசி அண்ணா? முன்விளிம்பு உருளையை அவர் திரும்பத் தைக்கத்தான் வேண்டுமா? புதிதாகக் கற்கிறவருக்கு அது பெரிய வேலை. நான் முயன்றபோது விளிம்பு பாம்பு மாதிரி நெளிந்தது.

கோணூசி:

பழைய பாளம் கெட்டியாக இருந்தால் வேண்டாம். அதை அப்படியே முழுசாகத் தூக்கி வைத்துக்கொண்டு, புதுக் கோணித்துணி மேல் திரும்ப உட்கார வைக்கலாம். அதில் தையல் எங்கெல்லாம் அறுந்திருக்கிறதோ அங்கே மட்டும் தைத்தால் போதும்.

அந்தத் தையலைப் பார்த்தாலே கைவேலைக்காரனுக்கு மரியாதை வரும். இரண்டு முனையும் கூரான நீள ஊசி. சட்டத்துக்குச் சற்று மேலே பக்கவாட்டில் குத்தி, சாய்வாக மேலே ஏற்றுகிறோம். ஊசியின் காது நாருக்குள் இருக்கும்போதே நிறுத்தி, முழுக்க வெளியே வரவிடாமல், ஒரு அங்குலம் தள்ளித் திரும்ப அதே பக்கத்துக்கு இறக்குகிறோம். இப்போது நூல் உள்ளே ஒரு கைப்பிடி நாரை வளைத்துப் பிடித்திருக்கிறது. இழுத்தால் அந்த நார் விளிம்புக்கு வருகிறது. மேலே ஒன்றும் தெரியாது. இப்படி இரண்டு வரிசை குருட்டுத் தையல் போட்டு நாரை முன்னுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஊசியை மேலே முழுசாக வெளியேற்றி உருளையைத் தைப்பது. நூல்கண்டு, உங்கள் விளிம்பு நெளிந்தது பெரும்பாலும் குருட்டுத் தையல் குறைவாக இருந்ததால். உள்ளே நார் பற்றவில்லை என்றால் மேல்தையல் துணியைத்தான் சுருக்கும்.

அடர்த்தி40:

இதை நான் ஒருபோதும் செய்ததில்லை, படித்ததும் ஒரு தடவை செய்து பார்க்க வேண்டும் போலிருக்கிறது. ஃபோமில் அந்த முன்விளிம்புக்கு நாங்கள் செய்வது, துண்டு ஃபோமை அழுத்திச் செய்த கெட்டிப் பட்டையை முன்னால் ஒட்டி, மேலே மெத்தென்ற ஃபோமைப் போர்த்துவது. தொடையின் எடை விழும் இடம் அது, ஒரே ஃபோமாகப் போட்டால் முதலில் அங்கேதான் தழையும்.

தொய்ந்தநாற்காலிக்கு ஒரு யோசனை. நார்ப் பாளம் வரை பழைய முறை. மேல் மயிர் போதவில்லை என்றால் நடுவில் மட்டும் அரை அங்குல லேட்டக்ஸ் ஃபோம், அதாவது ரப்பர் பால் ஃபோம், விரியுங்கள். பசை வேண்டாம், நாலு தையல் போதும். பிற்பாடு எடுக்க வேண்டுமானால் நூலை வெட்டினால் வந்துவிடும்.

தீ விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண பாலியூரித்தேன் ஃபோம் பற்றினால் வேகமாக எரியும், புகையும் கொடிய விஷம். ஃபோம் போடுகிற யாரும் தீத்தடுப்பு ஃபோம் கேட்டு வாங்குங்கள்.

கோணூசி:

லேட்டக்ஸ் யோசனை எனக்குச் சம்மதம். நூலை வெட்டினால் வந்துவிடும் என்றீர்களே, அதுதான் எனக்கும் முக்கியம். ஆணி, ஸ்டேப்பிள், நார், ஃபோம் எதுவானாலும் அடுத்து திறக்கிறவர் மரத்துக்குக் காயமில்லாமல் எடுக்க முடிந்தால் எனக்குச் சண்டை இல்லை. இத்தனை வருடத்தில் நான் பார்த்த நாசமெல்லாம் பசையாலும், ரம்பத்தாலும், எறிந்துவிட்ட ஸ்பிரிங்காலும்தான்.

மயிருக்கு மேல் நேராக மேல்துணி போட்டுவிடாதீர்கள். முதலில் பஞ்சு விரிப்பு, இல்லையென்றால் மயிர் துணியைத் துளைத்துக்கொண்டு குத்தும். அதற்கு முன் காடாத்துணி ஒன்று இழுத்துக் கட்டுங்கள். இருக்கையின் வடிவம் அந்தக் காடாவில் முடிந்துவிட வேண்டும். பிற்காலத்தில் உறை மட்டும் மாற்ற விரும்பினால் உள்ளே எதையும் கலைக்க வேண்டியிருக்காது.

தொய்ந்தநாற்காலி:

மூன்று வாரம் ஆகிவிட்டது.

மூட்டு ஒன்று ஆடியது, மூட்டுவேலை அண்ணன் சொன்னபடி கழற்றி ஒட்டினேன். வலது சட்டத்தை நிரப்பித் துணிப்பட்டை ஒட்டினேன், ஸ்டேப்பிள் நன்றாகப் பிடித்திருக்கிறது. முதல் பட்டையை ஒரே ஆளாக இழுத்தபோது மத்தளச் சத்தம் வரவில்லை. இழுகட்டையைச் சட்டத்தில் ஊன்றிக் கீழே அமுக்க வேண்டும் என்பது மூன்றாவது பட்டையில்தான் கைக்குப் புரிந்தது. முதல் இரண்டையும் எடுத்துத் திரும்ப அடித்தேன்.

ஸ்பிரிங் கட்ட இரண்டு நாள். முதல் நாள் கட்டியதை மறுநாள் காலையில் பார்த்தால் நடு ஸ்பிரிங் இடதுபக்கம் சாய்ந்திருந்தது. பிரித்துத் திரும்பக் கட்டினேன். முன்வரிசையைக் கொஞ்சம் முன்னோக்கிச் சாய்த்துக் கட்டியிருந்தார்கள் பழையவர்கள், அதையே பின்பற்றினேன். நார்ப் பாளத்தை அப்படியே திரும்ப உட்கார வைத்து, வலது மூலையில் ஒரு சாண் நீளம் மட்டும் குருட்டுத் தையல் போட்டேன். மயிரை அலசிய தண்ணீர் மூன்று தடவையும் கறுப்பாக வந்தது. காய்ந்து பிரித்த பிறகு போதுமான அளவு இருந்தது, லேட்டக்ஸ் தேவைப்படவில்லை.

அப்பாவை உட்காரச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டி உருண்ட கையின் முனையைப் பிடித்தார். இரண்டு மூன்று தடவை எழுந்து எழுந்து உட்கார்ந்தார். சத்தம் இல்லை.

மேல்துணிக்கு ஒரு கேள்வி. மார்ட்டின்டேல் 12,000 என்று போட்ட ஒரு பருத்தித் துணியும், 30,000 என்று போட்ட வெல்வெட்டும் பார்த்தேன். பருத்தியின் நிறம் பிடித்திருக்கிறது.

அடர்த்தி40:

தினமும் உட்காருகிற நாற்காலி என்றால் 12,000 குறைவு. அந்த எண், துணியை எத்தனை தடவை தேய்த்தால் இழை அறுகிறது என்ற சோதனைக் கணக்கு. தினசரி உபயோகத்துக்கு 20,000க்கு மேல் பாருங்கள். வெல்வெட் எடுத்தால் அதன் பூ, அதாவது மேலே நிற்கும் மென்மையான இழை, முதுகிலிருந்து கீழ்நோக்கியும், இருக்கையில் பின்னிருந்து முன்நோக்கியும் படிய வேண்டும். எல்லாத் துண்டையும் வெட்டும் முன்னே பின்பக்கத்தில் சாக்குக்கட்டியால் அம்பு போட்டுவிடுங்கள். ஒரு துண்டு மாறிவிட்டாலும் நிறம் வேறாகத் தெரியும்.

நூல்கண்டு:

அப்பா கண்ணை மூடிக்கொண்டு கையைப் பிடித்தார் என்று படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவின் நாற்காலிக்கு அதே உயரத்தில் ஒன்பது ஸ்பிரிங் தேடிக்கொண்டிருக்கிறேன். பலகையைக் கழற்றியாயிற்று. சட்டத்தின் அடிப்பக்கத்தில் பழைய பட்டையின் ஆணித் தடம் அப்படியே இருக்கிறது.

கோணூசி:

அந்தத் தடத்தை அளந்தால் பட்டை எத்தனை, எவ்வளவு இடைவெளி என்று கிடைத்துவிடும். ஸ்பிரிங் உயரத்துக்கு, கையின் மேல்விளிம்பிலிருந்து சட்டத்தின் அடிவரை எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள். அம்மாவின் முழங்கை உயரத்தையும் சேர்த்து எழுதுங்கள். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடலாம், தனி இழையாகவே தொடங்குங்கள்.

தொய்ந்தநாற்காலி:

வெல்வெட் எடுத்துவிட்டேன். கடைசியாக ஒன்று. அடியில் கட்டும் கறுப்புத் துணியை ஆணியில் அடிப்பதா, ஸ்டேப்பிளா? மற்றதெல்லாம் பழைய முறையில் இருக்க, இதற்கு மட்டும் ஸ்டேப்பிள் அடிக்கக் கொஞ்சம் மனம் வரவில்லை.

கோணூசி:

ஸ்டேப்பிளே அடியுங்கள், நெருக்கமாக வேண்டாம், மூன்று விரல் இடைவெளி விட்டு. நாளைக்கு யார் பார்க்க வந்தாலும் முதலில் பிரிப்பது அந்தத் துணியைத்தான்.